சிவப்பு மூடி டின்

அத்தியாயம் 14

மகளின் காரில் எரிந்துகொண்டிருந்த எச்சரிக்கை விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டி, "இனிமே எரியாது, தைரியமா போ" என்று மேனேஜர் அனுப்பிவைத்து இரண்டு வாரம் ஆகிறது. அவர் வாக்குத் தவறவில்லை. அந்த விளக்கு அதன் பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

இன்று மறுபடி சனிக்கிழமை. மகள் வரும் சனிக்கிழமை.

மேனேஜர் என்பது அவர் பெயரும் இல்லை, உத்தியோகமும் இல்லை. எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் கிடங்கில் வாழ்நாள் முழுக்க டின் அடுக்கியவர். ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, மேலதிகாரி மாடிப்படியில் சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டதால், 'பொறுப்பு மேலாளர்' ஆனார். பிறகு பொறுப்பு போய்விட்டது. மேலாளர் மட்டும் வீட்டு வாசல் பலகையில் தங்கிவிட்டது.

தெருவில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். மனைவியும் கூப்பிட்டாள். ஆனால் அவள் கூப்பிடுவதில் ஒரு இழுப்பு இருக்கும். "மேனேஏஜரு, சாப்பிட எழுந்து வரலாமா, இல்ல கையெழுத்து போட்டாத்தான் வருவீங்களா?"

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அந்தப் பட்டத்தை இழுத்துச் சொல்ல ஆளில்லை. நேராக, மரியாதையாகக் காதில் விழுகிறது. அப்படி விழும்போதெல்லாம் யாரோ வேறொருவரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றும்.

விடைபெற்ற நாளில் கம்பெனி ஒரு கைக்கடிகாரம் கொடுக்கும் என்று எதிர்பார்த்தார். கம்பெனி எண்ணெய் கொடுத்தது. லாரி இன்ஜினுக்கு ஊற்றும் எண்ணெய், சிவப்பு மூடி போட்ட டின்கள், ஒரு சின்ன வேன் நிறைய. விற்காமல் தேங்கிய சரக்கு என்பது கிடங்கில் பெருக்குகிறவர் வரை தெரியும். "இவர் உடம்புல ஓடறது ரத்தம் இல்ல, நம்ம எண்ணெய்!" என்று முதலாளி மேடையில் முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜரும் தட்டினார். அந்த டின்கள் இப்போது, கல்யாணத்துக்கு முன் மகள் புழங்கிய அறையில், அவள் கட்டிலை ஒட்டிச் சுவர் உயரத்துக்கு நிற்கின்றன.

மகள் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய், படுத்துவிட்டவர்களுக்குக் கை கால் நீட்டி மடக்கச் சொல்லிக்கொடுக்கிறவள். அந்த அலைச்சலுக்காகப் போன வருஷம் ஒரு பழைய டீசல் கார் வாங்கினாள். வயசான வண்டி, கொஞ்சம் எண்ணெய் குடிக்கும். குடித்ததை நிரப்பும் உரிமையை மேனேஜர் முதல் நாளே எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அவள் வண்டியைக் கொண்டுவருவாள். பானட் உயரும். இந்தப் பக்கம் புனலோடு மேனேஜர், அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மகள். நடுவில் தூக்கி நிறுத்திய தகரம். அவர் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் அவருக்குத் தெரியாது. "மிதி... விடு... இன்னொரு தடவ மிதி" என்று உத்தரவு பறக்கும். உத்தரவுக்கு நடுவே, என்ன மாயமோ, மேனேஜர் மனைவியைப் பற்றிப் பேசுவார். வேறு எந்த இடத்திலும் அவர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இன்று காலையிலிருந்தே தயாராக இருந்தார். வண்டி வேலைக்கென்று வைத்திருக்கும் கிழிந்த சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். புனலைத் துடைத்தார். துடைத்த புனலை மறுபடி துடைத்தார். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் பெண் நாட்டு நிலவரத்தைச் சொல்லச் சொல்ல, "அதெல்லாம் நடக்காதும்மா" என்று அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் பேச்சைக் கேட்டு எழுந்து போகாதவள் அவள் ஒருத்திதான்.

வெயில் ஏறியது. வண்டி வரவில்லை. போன் வந்தது.

"அப்பா, வண்டி நின்னுடுச்சு."

"நின்னுடுச்சுன்னா? தானா நின்னுச்சா, நீ நிறுத்தினியா?"

"மேம்பாலம் ஏறறப்ப இழுக்கவே இல்லப்பா. எவ்வளவு மிதிச்சாலும் ஊருது. ஓரமா நிறுத்திட்டேன். பின்னால வர்ற லாரிக்காரங்க எல்லாம் திட்டிட்டுப் போறாங்க."

"யாரு திட்டினது? வண்டி நம்பரப் பார்த்து வை. அவன் முதலாளி எனக்குத் தெரிஞ்சவராத்தான் இருப்பாரு."

"அப்பா..."

"சரி, சரி. எண்ணெய் குறைஞ்சிருக்கும், வேற ஒன்னும் இல்ல. நான் டின்னோட வர்றேன். அதுவரைக்கும் யாரையும் தொட விடாத."

"இழுத்துட்டுப் போற வண்டி வந்துடுச்சுப்பா. இங்க பக்கத்துலயே ஒரு பட்டறை இருக்காம். நீங்க நேரா அங்க வந்துடுங்க."

"யாரைக் கேட்டு இழுக்கறாங்க?" என்று மேனேஜர் கேட்டபோது போனில் யாரும் இல்லை.

ஒரு துணிப்பையில் சிவப்பு மூடி டின் ஒன்றைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பக்கத்து இருக்கைக்காரரிடம், "பொண்ணு வண்டி நின்னுபோச்சாம். நான் போனாத்தான் ஆகும்" என்றார். அவர் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மரியாதைக்குத் தலையாட்டினார்.

பட்டறை என்று மகள் சொன்னது அந்த இடத்துக்குப் பெரிய அவமானம். 'வாகன நல மருத்துவமனை' என்று நீல எழுத்தில் பலகை. உள்ளே வரிசையாக நாற்காலிகள். 'அமைதி காக்கவும்' என்று ஒரு அட்டை. அதற்கு நேர் கீழே ஒருவர் சுத்தியலால் சக்கர விளிம்பை அடித்துக்கொண்டிருந்தார். மகளின் கார் ஒரு திரைக்குப் பின்னால் நின்றது. மகள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இன்று வர முடியாது என்று ஒவ்வொரு நோயாளி வீட்டுக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வேலை அதிகம் போல என்று மேனேஜர் அதைக் கடந்துபோனார்.

திரையை விலக்கிக்கொண்டு வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பு தொங்கியது.

"இந்த பேஷண்டுக்கு அட்டெண்டர் யாரு?"

"நாங்கதான் தம்பி" என்று மேனேஜர் எழுந்தார். "எண்ணெய் கொஞ்சம் குறைஞ்சிருக்கும். நானே கையோட..."

"டாக்டர்."

"எங்க?"

"நான்தான் சார். இங்க எல்லாரும் டாக்டர்னுதான் கூப்பிடுவாங்க."

மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொள்ளும் ஆட்களை அவருக்கு அறவே பிடிக்காது.

டாக்டர் திரையை முழுக்க ஒதுக்கிவிட்டு, இன்ஜினிலிருந்து எண்ணெய் அளவுக் கம்பியை உருவினார். நுனியில் இருந்ததை விரலில் தொட்டுத் தேய்த்தார். மோந்தார். மறுபடி தேய்த்தார். துக்கச் செய்தி சொல்லப்போகிறவர் போலக் கண்ணை மூடித் திறந்தார்.

"இத யாரு ஊத்தினது?"

"ஏன், அதுக்கு என்ன?" என்றார் மேனேஜர். "நல்ல கெட்டியாத்தானே இருக்கு. கெட்டி எண்ணெய்தான் இன்ஜினுக்கு பலம்."

"லாரிக்கு பலம் சார். இது கார். இது லாரி எண்ணெய்." டாக்டர் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டார். இனி அவரை நிறுத்த முடியாது என்று தெரிந்தது. "இந்த வண்டிக்குப் புகைக்குழாய்ல ஒரு வடிகட்டி இருக்கு. கரிய பிடிச்சு வச்சுக்கும். கொஞ்ச தூரம் நல்லா விரட்டி ஓட்டினா அந்தக் கரிய அதுவே எரிச்சுத் தள்ளிடும். ஆனா இந்த எண்ணெய்ல கலந்திருக்கற சரக்கு இருக்கே, அது எரிஞ்சா சாம்பல். கரி எரியும் சார். சாம்பல் எப்படி எரியும்? அது அப்படியே உள்ள உட்கார்ந்துக்கும். மாசக்கணக்கா ஊத்தியிருக்காங்க. வடிகட்டி அடைச்சுப் போச்சு. வண்டி மூச்சு விட முடியாமத்தான் மேம்பாலத்துல நின்னுடுச்சு."



கிடங்கில் எண்ணெய்க்கு மூடியின் நிறம்தான் விலாசம். நீல மூடி இந்த அடுக்கு, பச்சை மூடி அந்த அடுக்கு. டின்னின் முதுகில் பொடி எழுத்தில் ஏதேதோ போட்டிருக்கும். அதை யாரும் படித்ததில்லை. சிவப்பு அடுக்கு அதிகாரியின் அறையை ஒட்டி இருந்தது. அதனால் சிவப்புதான் உசத்தி என்று புதிதாகச் சேர்ந்த நாளில் முடிவு செய்தார். அந்த முடிவைத் திருப்பிப் பார்க்கும் அவசியம் அவருக்கு இதுவரை வந்ததில்லை.

"இதுக்கு, சாம்பல் கம்மியா விடற, சி3னு போட்ட எண்ணெய்தான் ஊத்தணும்" என்றார் டாக்டர். "எந்தப் புண்ணியவான் இந்த வேலையப் பண்ணினாரு?"

மேனேஜர் வாயைத் திறந்தார். அதற்குள் மகள் போனை இறக்கினாள்.

"நான் வாங்கறப்பவே இப்படித்தான் இருந்துச்சு டாக்டர். முன்னாடி வச்சிருந்தவங்க ஊத்தியிருப்பாங்க."

சொல்லும்போது அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த 'அமைதி காக்கவும்' அட்டையைப் பார்த்தாள்.

அப்போதாவது மேனேஜர் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்து அவருக்குப் பழக்கமில்லை.

"விவரம் கெட்டவங்க!" என்றார், உரக்க. "எண்ணெய்ன்னா என்னன்னு தெரியாதவன் எல்லாம் வண்டி வச்சுக்கறான். இவனுங்களையெல்லாம் நிக்க வச்சுக் கேட்கணும் டாக்டர்!"

டாக்டர் என்று கூப்பிட்டது அவருக்கே காதில் விழுந்தது. துணிப்பையைக் காலுக்குப் பின்னால் நகர்த்தினார். டின் நாற்காலிக் காலில் இடித்து 'ணங்' என்றது. மகள் மறுபடி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் காருக்குள் குனிந்து சாவியைத் திருப்பினார். "இது என்ன?" என்று நகத்தால் எதையோ சுரண்டினார். கறுப்பு டேப் உரிந்து வந்தது. அதன் கீழே, இரண்டு வாரமும் விடாமல் எரிந்த விளக்கு அப்படியே ஆரஞ்சாக எரிந்துகொண்டிருந்தது.

"இத ஒட்டினதும் முன்னாடி வச்சிருந்தவங்கதானா?"

"ஆமா டாக்டர்" என்றாள் மகள், போனிலிருந்து வாயை எடுக்காமல்.

இந்தத் தடவை மேனேஜர் யாரையும் திட்டவில்லை.

வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், ஒரு வாரமாவது ஆகும், முதலில் வண்டியில் இருக்கும் சாமானை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மகள் ஒரு நோயாளியின் மருமகளைச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். மேனேஜர் டிக்கியைத் திறந்தார். ஒரு மடக்கு ஸ்டூல், ரப்பர் பட்டைகள், பெரிய பந்து ஒன்று, அவள் தோளில் மாட்டிக்கொண்டு போகும் பை. பையை எடுத்துத் தன் தோளில் மாட்டியபோது கீழே விரித்திருந்த ரப்பர் விரிப்பு மடிந்துகொண்டது.

விரிப்புக்கு அடியில் இரண்டு கேன்.

வெள்ளைக் கேன்கள். நீல மூடி. எண்ணெய்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக மேனேஜர் ஒரு எண்ணெய்க் கேனின் முதுகில் இருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தார். சி3. மூடியைச் சுற்றி சீல் வளையம் அப்படியே இருந்தது. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. மேலே படிந்திருந்த தூசியைப் பார்த்தால் நேற்றோ முந்தா நாளோ வாங்கியதாகத் தெரியவில்லை. வண்டி வாங்கிய புதிதிலிருந்தே படிந்த தூசி அது.

விரிப்பை மெதுவாகப் பழையபடி இழுத்து மூடினார். டிக்கியைச் சத்தம் வராமல் சாத்தினார்.

"இனிமே சர்வீஸ் எல்லாம் இங்கேயே கொண்டுவந்துடுங்க மேடம்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "எண்ணெய் நிரப்பறதுகூட நாங்களே பண்ணிக்கறோம். வீட்டுல யாரும் கை வைக்க வேணாம்."

"சரி டாக்டர்" என்றாள் மகள்.

டாக்டருக்கு அது ஒரு சாதாரணச் சரி. மேனேஜருக்கு அதில் சனிக்கிழமைகள் மொத்தமும் போய்விட்டன.

வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. ஸ்டூலும் பந்தும் அதில் ஏறின. ஒரே ஒரு நோயாளியை மட்டும் தள்ளிப்போட முடியவில்லை என்றாள் மகள்.

"நீங்க பஸ்ல போயிடுவீங்கல்லப்பா?"

"எனக்கென்ன. நீ பாரு."

"மருந்து சாப்பிட்டீங்களா?"

"ம்."

கார் திரும்பும்வரை மேனேஜர் கையைத் தூக்கியபடி நின்றார். அவள் திரும்பிப் பார்த்தாளா என்பது கண்ணாடியில் அடித்த வெயிலில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மகளின் அறையில் அந்த டின் அடுக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். சட்டைக் கையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு டேப். டாக்டர் உதறியது இங்கே வந்து பிடித்திருக்கிறது. உரித்து எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் விரலிலேயே வைத்திருந்தார்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எந்த எண்ணெய் என்று கேட்டுத் தெரிந்து, வாங்கியும் வைத்திருக்கிறாள். டிக்கியில் அதை வைத்துக்கொண்டே இங்கே வந்து, பானட்டைத் திறந்துவிட்டு, "ஊத்துங்கப்பா" என்று சொல்லியிருக்கிறாள்.

ஏன்?

கேள்வி கேட்டு மேனேஜருக்குப் பழக்கமில்லை. பதில்தான் பழக்கம். செய்தி வாசிக்கும் பெண்ணைக் கூப்பிடலாம் என்று எழுந்தார். தொலைக்காட்சியின் பொத்தான் வரை கை போய்த் திரும்பியது.

போன் அடித்தது. வெயில் தாழ்ந்திருந்தது.

"அப்பா, என் பை உங்ககிட்ட வந்துடுச்சா?"

பார்த்தார். வாசல் ஆணியில் இரண்டு பை மாட்டியிருந்தது. ஒன்று டின். இன்னொன்று அவளுடையது. தோளில் மாட்டியவர் அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"இங்கதான் இருக்கு பாப்பா."

"வீட்டுச் சாவி அதுலதான் இருக்கு. நான் வந்து எடுத்துக்கறேன்."

'சரி, வா' என்றால் போதும். அவள் வந்துவிடுவாள். இன்றைய சனிக்கிழமையாவது மிஞ்சும். காலையில் துடைத்து வைத்த புனல்கூட இன்னும் மேஜை மேல்தான் இருந்தது.

"வேணாம்" என்றார். "நான் கொண்டு வர்றேன்."



"எதுக்குப்பா? பஸ் மாறணும். நானே..."

"மாறிக்கறேன். நீ காலைலேர்ந்து அலைஞ்சிருக்க."

"இல்லப்பா, வேணாம்."

"மாப்பிள்ளைகிட்ட இன்னொரு சாவி இருக்குமே, அவர் ஊர்ல இல்லையா?"

"இல்லப்பா."

"அப்ப நான்தான் வரணும். எந்த பஸ், எந்த மாடி, சொல்லு."

மகள் இந்த நகரத்தின் மறுகோடியில் அடுக்குமாடி ஒன்றில் குடியேறி ஒரு வருஷம் ஓடிவிட்டது. மேனேஜர் அந்தப் படியை மிதித்ததில்லை. மாப்பிள்ளை நேரில் வந்து முறையாக அழைக்கட்டும் என்பது அவர் கட்சி. மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒரு தடவை வந்துபோகிறார் என்பது மகள் சொன்ன தகவல். மேனேஜர் அதைத் தெருவில் சொல்லும்போது 'மண்டல அதிகாரி' என்று ஒரு பதவியையும் சேர்த்துக்கொள்வார். அழைக்க மாப்பிள்ளை வரவில்லை. இவர் போகவில்லை. கட்சி மட்டும் பலமாக நின்றது.

மகள் வழி சொன்னாள். அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சொந்த மகளின் கதவு எண்ணைக் கேட்டு மனப்பாடம் செய்கிறோம் என்பது இரண்டாவது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

இறங்கி, ஒரே மாதிரி நின்ற கட்டிடங்களுக்கு நடுவே திரிந்து, காவலாளியிடம் வழி கேட்டார். "யாரைப் பார்க்கணும்?" என்றார் காவலாளி. மகளைச் சொன்னார்.

"ஓ, தனியா இருக்கே, அந்த டாக்டரம்மாவா? மூணாவது மாடி."

மாப்பிள்ளை ஊரில் இல்லாதபோது தனியாகத்தானே இருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் படியேறும்போது அந்தச் சொல் கூடவே ஏறி வந்தது.

மகள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள், செருப்பைக் கழற்றி வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்து வீடு பூட்டியிருந்தால் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். எழுந்து பையை வாங்கிக்கொண்டாள். "சரிப்பா, இருட்டறதுக்குள்ள கிளம்பினீங்கன்னா..." என்று ஆரம்பித்தவள், அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்தாள். சாவியைப் பூட்டில் போட்டாள். திருப்புவதற்கு முன் கொஞ்சம் நின்றாள்.

உள்ளே விளக்கைப் போட்டதும் மேனேஜர் பழக்கத்தில் அதிகாரிப் பார்வை ஒன்று பார்த்தார்.

செருப்பு வைக்கும் தட்டில் இவள் செருப்பு மட்டும். ஜன்னலைப் பார்த்து ஒரு நாற்காலி. கொடியில் இவள் துணி மட்டும். குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு. சமையல் மேடையில் கழுவிக் கவிழ்த்த தட்டு ஒன்று, அதன் மேல் ஒரு டம்ளர்.

"உட்காருங்கப்பா. டீ போடறேன்."

இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அவள் டம்ளரில் டீயை அவருக்குக் கொடுத்தாள். தனக்கு பிளாஸ்க் மூடியில் ஊற்றிக்கொண்டு தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு டம்ளர் இல்லையா பாப்பா?"

"இருந்துச்சு. உடைஞ்சுபோச்சு. ஒன்னு போதும்னு விட்டுட்டேன்."

கீழே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று, முடியாமல், மறுபடி முயன்றுகொண்டிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் மேனேஜர் ஜன்னலில் தலையை நீட்டி நாலு யோசனை சொல்லியிருப்பார்.

"டிக்கில ரெண்டு கேன் பார்த்தேன்" என்றார்.

மூடியை வாயருகில் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

"பார்த்துட்டீங்களா."

"வளையம்கூட உடைக்கல."

"ம்."

"தெரிஞ்சிருந்தும் ஏன் என்னைய ஊத்த விட்ட?"

மேனேஜர் காத்திருந்தார். இதுவும் அவருக்குப் புதுசு.

"மொத தடவையே அந்தக் கேன எடுத்துத் தரலாம்னுதான் இறங்கினேன்பா. டிக்கி வரைக்கும் வந்துட்டேன். நீங்க அப்பதான், அம்மா கார் ஓட்டக் கத்துக்கப் போயி தபால்காரர் சைக்கிள்ல முட்டினத சொல்லிட்டிருந்தீங்க."

"தபால்காரர் விழல. உங்கம்மாதான் பயந்துபோயி காரை விட்டு இறங்கி ஓடிட்டா."

"அதேதான். கதைல அந்த இடத்துலதான் இருந்தீங்க. கேன நீட்டினா, நீங்க கோச்சுக்கிட்டு உள்ள போயி நியூஸ் போட்டுடுவீங்கன்னு தோணுச்சு. திரும்பிப் போயி உட்கார்ந்துட்டேன்." மூடியில் இருந்த டீயைச் சுற்றிச் சுற்றி ஆட்டினாள். "பானட்டத் தூக்கினாத்தான்பா நீங்க அம்மாவப் பத்திப் பேசறீங்க. எனக்கு அதக் கேட்க வேற இடம் இல்ல."

மேனேஜர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அதை விரலால் விலக்கினார்.

"வண்டிய பாழாக்கிட்டேனே பாப்பா" என்று சொல்ல வந்தார். தொண்டைக்கு வந்தது வேறு.

"மாப்பிள்ளை கடைசியா எப்ப வந்துட்டுப் போனாரு?"

மகள் நிமிர்ந்தாள். அவர் கண் செருப்புத் தட்டில் இருந்ததை அவளும் பார்த்தாள். சிரிக்கப் பார்த்தாள், பாதியில் விட்டுவிட்டாள்.

"நான் ஒன்னு கேட்கறேன். அதுக்கு மொதல்ல நீங்க பதில் சொல்லுங்க."

"கேளு."

"அந்த எண்ணெய யாரு ஊத்தினது?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். நல்ல நல்ல வாக்கியங்கள் வரிசையில் வந்து நின்றன. அந்தக் காலத்துச் சரக்கின் தரம் பற்றி ஒன்று, இந்தக் காலத்து வண்டிகளின் வலுவின்மை பற்றி இன்னொன்று, கம்பெனி பொடி எழுத்தில் அச்சடிப்பதைக் கண்டித்து மூன்றாவது. எதையும் அவர் எடுக்கவில்லை.

"நான்தான்" என்றார்.

"டேப்பு?"

"அதுவும் நான்தான்."

"சரி" என்றாள் மகள். பிளாஸ்க் மூடியைத் தரையில் வைத்தாள். சுவரை விட்டு விலகி நகர்ந்து வந்து, அவர் நாற்காலிக்குக் கீழே, பக்கவாட்டில், அவர் முகம் தெரியாதபடி திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"இப்ப நான் சொல்றேன். நடுவுல எதுவும் பேசாதீங்க."

மேனேஜர் பேசவில்லை.